சீசன் குளியலுக்குப் பின் வலது காதில் அரிப்பு, இடது காதில் திடீர் அடைப்பு: ஒரே சொட்டு மருந்தை இரண்டுக்கும் விடலாமா?

பாவூர்வண்டி எழுதியது: சனிக்கிழமை, இரவு 10.50

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொட்டாரக்கரைக்கும் வாரத்தில் ஐந்து நாள் வண்டி ஓட்டுகிறேன். சர்க்கரைக்கு ஐந்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். காது, மூக்கு, தொண்டை மூன்றிலும் ஒவ்வொரு தொந்தரவு இருப்பதால் எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன். சற்று நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனி பிறந்ததிலிருந்து வலது காதில் அரிப்பு. சீசன் நேரத்தில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது குற்றாலம் ஐந்தருவியில் தலையைக் கொடுத்து அரை மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவது என் வழக்கம். அரிப்பு தாங்காமல் முதலில் பட்ஸ், பிறகு வண்டிச் சாவி, ஒருநாள் தீக்குச்சி என்று கையில் கிடைத்ததையெல்லாம் விட்டுக் குடைந்தேன். வீட்டில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் விட்டார்கள். இரண்டு நாள் சுகமாக இருந்தது. மூன்றாம் நாள் அரிப்பு இரண்டு மடங்காகத் திரும்பியது. கேரளப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் காட்டியபோது, கடைக்காரர் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ‘செவிக்காயம்’ என்றார். காதுக்குள் காயம்பட்டிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டு, காயத்துக்கு மருந்து கேட்டு வாங்கி மூன்று வாரம் விட்டேன். மலையாளத்தில் செவிக்காயம் என்றால் நம் காதுக் குறும்பிதான் என்பது, சுமை இறக்கும் நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது அந்தக் காது அடைத்துக்கொண்டு, சாம்பல் நிறத்தில் ஈரமாக ஏதோ பட்ஸில் ஒட்டி வருகிறது. அதில் கருப்புப் புள்ளிகளும் தெரிகின்றன.

மூக்கைப் பொறுத்தவரை, இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஜலதோஷத்துக்காக வாங்கிய மூக்கடைப்புச் சொட்டு மருந்தை இன்னும் விட முடியவில்லை. கியர் பக்கத்தில் ஒரு பாட்டில், தலையணைக்கு அடியில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விடாவிட்டால் இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்கிறது. தொண்டையில் காலை எழுந்தவுடன் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தோன்றி, பத்து நிமிடம் கனைத்துக்கொண்டே இருக்கிறேன். சளி என்று பெரிதாக எதுவும் வருவதில்லை.

இவையெல்லாம் பழகிவிட்டன. புதிதாக வந்தது இடது காது. புதன்கிழமை விடியற்காலை வண்டி கேபினில் தூங்கி எழுந்து போனை இடது காதில் வைத்தபோது, எதிர்முனையில் பேசுவது பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கூடவே சில்வண்டு கத்துவது போன்ற ஓர் இரைச்சல் நிற்காமல் கேட்கிறது. வலி இல்லை, அரிப்பு இல்லை, தலைசுற்றலும் இல்லை. வலது காதைப் போலவே இதிலும் குறும்பி அடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். வலது காதுக்கு வாங்கிய சொட்டையே இதற்கும் விடலாமா, அல்லது தண்ணீர் பீய்ச்சி எடுத்துவிடலாமா? அடுத்த வாரம் முழுக்க லோடு இருப்பதால், பத்து நாள் கழித்து டாக்டரிடம் போனால் போதுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கழுதுருட்டி எழுதியது: ஞாயிறு, காலை 6.15

அண்ணன், காதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மூக்குச் சொட்டு விஷயத்தில் நான் மூன்று வருடம் அடிமையாக இருந்து மீண்டவள் என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்ற பெயர் பாட்டிலில் இருந்தால், அது மூக்கின் உட்புறத்து இரத்தக் குழாய்களைச் சுருக்கி வழிவிடும் மருந்து. ஐந்து நாளைக்கு மேல் அதைத் தொடர்ந்து விட்டால், மருந்தின் வேகம் அடங்கியதும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்கிவிடுகின்றன. வீங்கியதால் மறுபடியும் விடுகிறோம், விட்டதால் மறுபடியும் வீங்குகிறது. எனக்கு மூக்குத்தண்டு வளைந்திருப்பதால்தான் அடைக்கிறது, அறுவை செய்துவிட வேண்டியதுதான் என்று ஓரிடத்தில் தேதி வரை குறித்துவிட்டார்கள். வேறொரு மருத்துவர் நான் என்ன சொட்டு விடுகிறேன், எத்தனை நாளாக விடுகிறேன் என்று முதலில் கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வளைவு இருந்தது உண்மைதான்; ஓரளவு வளைவு இல்லாத மூக்கு அபூர்வம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒரே நாளில் இரண்டு பக்கமும் நிறுத்த என்னால் முடியவில்லை. அதனால் முதலில் இடப்பக்கம் மட்டும் நிறுத்தி, வலப்பக்கம் வழக்கம்போல விட்டுக்கொண்டேன். கூடவே மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரேயை இரண்டு பக்கமும் அடிக்கச் சொன்னார்கள். இது சொட்டைப் போல அடித்த நிமிடமே வேலை செய்யாது. சரியாகப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாவிட்டால், மூன்றாம் நாளே ‘இது உதவாத மருந்து’ என்று தூக்கிப் போட்டுவிடுவோம். அடிக்கும் முறையும் முக்கியம். தலையைச் சற்றுக் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையாலும், வலது மூக்குக்கு இடது கையாலும், காது இருக்கும் திசையைப் பார்த்து அடிக்க வேண்டும். நேராக நடுத்தண்டில் அடித்தால் அது காய்ந்து இரத்தம் கசியும். எனக்கு முதல் வாரம் அப்படித்தான் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் இரவு இடப்பக்கம் தானாகத் திறந்திருப்பதை உணர்ந்து எழுந்து உட்கார்ந்தேன். பிறகு வலப்பக்கத்தை நிறுத்துவது அவ்வளவு கடினமாக இல்லை.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதும் உதவும். 240 மில்லி தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி அயோடின் கலக்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா என்பது எனக்குச் சொன்ன அளவு. ஆனால் அண்ணன் போகும் வழியில் ஓடையும் கல்லடை ஆறும் குழாயடியும் நிறைய இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் அமீபிக் மஸ்திஷ்கஜ்வரம், அதாவது அமீபாவால் வரும் மூளைக்காய்ச்சல், என்று எல்லோரும் பயந்தது நினைவிருக்கும். அதற்குக் காரணமான அமீபாக்களில் ஒன்றான நெக்லேரியா தண்ணீரைக் குடிப்பதால் வருவதில்லை; மூக்கு வழியாக ஏறி, வாசனை நரம்பைப் பிடித்து மூளைக்குப் போகிறது. எனவே கொதி வந்தபின் மூன்று நிமிடமாவது தளதளக்க விட்டு ஆற்றிய தண்ணீரைத் தவிர வேறு எந்தத் தண்ணீரையும் மூக்குக்குள் செலுத்தக் கூடாது. எங்கள் வீட்டில் மூக்குக் கழுவும் தண்ணீருக்கு என்றே ஒரு சிறிய எவர்சில்வர் கூஜா தனியாக இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தொடக் கூடாது.

வடகரை எழுதியது: ஞாயிறு, காலை 8.05

அண்ணாச்சி, பூண்டு எண்ணெயைப் பற்றி எங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்கிறேன். என் அம்மாவுக்குச் சிறு வயதிலிருந்தே ஜலதோஷம் பிடிக்கும்போதெல்லாம் இடது காதில் சீழ் வரும். பாட்டி எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார். சில நாளில் நின்றுவிடும். எண்ணெய்தான் நிறுத்தியது என்று எல்லோரும் நம்பினோம். அம்மாவின் 58ஆம் வயதில் அதே எண்ணெயை ஊற்றிய மறுநொடி, வீடே சுற்றுகிறது என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். பரிசோதித்தபோது காது ஜவ்வில் கால் பங்கு அளவுக்கு ஓட்டை. எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் இறங்கியிருக்கிறது. நல்ல வேளையாக எலும்பு அரிக்கும் வகையாக இல்லை. துர்நாற்றத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் சீழ்தான் ஆபத்து என்றும், அது நாளடைவில் முகநரம்பையும் மூளையுறையையும் தொட்டுவிடலாம் என்றும் விளக்கினார்கள். காதுக்கு மேலே உள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஓட்டையை மூடினார்கள். அதன்பின் காதில் சீழ் வரவில்லை. ஜவ்வு முழுதாக இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லும் வரையில் எண்ணெயோ தண்ணீரோ எதுவும் காதுக்குள் போகக் கூடாது என்பதே நான் கற்றது.

பட்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. காதுத் துளையின் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், குறும்பி தானாகவே வாசலுக்கு வந்துவிடும். நாம் குச்சியை விடும்போது நுனியில் ஒட்டியது கொஞ்சம், உள்ளே தள்ளப்பட்டது அதிகம். என் வகுப்பில் மாணவர்களுக்கு இதைச் சொல்ல நாதஸ்வரத்துக்குள் துணி திணிக்கும் உவமையைச் சொல்வேன்.

இடது காதுக்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று நீட்டி முனகிப் பாருங்கள். அடைப்பு உள்ள காதாக இருந்தால் முனகல் அந்தப் பக்கம் உரக்கக் கேட்கும். நரம்புக் கோளாறாக இருந்தால் எதிர்ப்பக்கம் கேட்கும். முனகிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

குண்டாறு எழுதியது: ஞாயிறு, காலை 9.20

நான் அரசுப் பணியில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். பாவூர்வண்டி தம்பிக்கு முதலில் ஒன்றே ஒன்று: உங்கள் நான்கு தொந்தரவுகளில் மூன்று காத்திருக்கும், இடது காது காத்திருக்காது. பத்து நாள் கழித்து என்று எழுதியிருக்கிறீர்கள். நாளை காலையே போங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். அருவியில் குளித்து வெளியே வந்ததும் காது அடைத்தால், உள்ளே இருந்த குறும்பி ஊறிப் பருத்திருக்கும் என்று நினைக்கலாம். தூங்கி எழுந்தபோது, வலியும் அரிப்பும் இல்லாமல், புதிய இரைச்சலோடு ஒரு காது மங்கியிருந்தால், பார்த்து இல்லையென்று உறுதியாகும் வரை உள்காது நரம்பு திடீரெனக் கெட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாளைக்குள் 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் இறங்கும் இந்தச் செவிட்டுக்குப் பெரும்பாலும் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. சிலருக்குத் தானாகவும் திரும்பும். ஆனால் யாருக்குத் திரும்பும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லாததால், ஸ்டீராய்டு மருந்தை விரைவில் தொடங்குகிறோம். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்கு உருப்படியான பலன். என் பணிக்காலத்தில் இந்த நோயாளிகள் பலர் என்னிடம் வந்தது ஒன்றரை மாதம் கழித்து. எல்லோர் கையிலும் குறும்பி கரைக்கும் சொட்டு மருந்து பாட்டில் ஒன்று இருந்தது.

வடகரை ஆசிரியர் சொன்ன முனகல் சோதனை தவறில்லை. நாங்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைப்பதன் எளிய வடிவம்தான் அது. ஒரு காது மட்டும் கெட்டிருப்பவருக்கு அது நல்ல துப்பு. உங்களுக்கு அது பாதிதான் உதவும். வலது காது ஏற்கெனவே அடைத்திருப்பதால், அதுவே ஒலியைத் தன் பக்கம் இழுக்கும். முனகல் இடப்பக்கம் கேட்டால் அங்கேயும் அடைப்பு இருக்கலாம் என்று சற்று ஆறுதல் கொள்ளலாம். வலப்பக்கம் கேட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எப்படிக் கேட்டாலும் மருத்துவமனைக்குப் போவதில் மாற்றம் இல்லை. தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையோ, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, கேரளப் பக்கம் இருந்தால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியோ, எது பக்கமோ அங்கே போங்கள். ‘புதன்கிழமை காலையில் திடீரென்று இடது காது கேட்காமல் போயிற்று’ என்ற வாக்கியத்தை ஓ.பி. சீட்டு எழுதும் இடத்திலேயே சொல்லுங்கள். ‘காது அடைப்பு’ என்று சொன்னால் வரிசையின் கடைசியில் உட்கார வைத்துவிடுவார்கள். காது உள்ளே சுத்தமாக இருந்தால், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் அன்றே எடுக்கச் சொல்லுங்கள்.

வலது காதைப் பற்றி நீங்கள் எழுதியதே பாதி நோயறிதல். நனைந்த செய்தித்தாளைக் கசக்கியது போல, அதில் கருப்புப் புள்ளிகளோடு இருப்பது பூஞ்சை. மலையாளத்தில் பூப்பல் என்பார்கள். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று சாரலைக் கொண்டுவரும் மாதங்களில் செங்கோட்டை, தென்காசி வட்டாரத்துக் காதுகளில் இதைத்தான் அதிகம் பார்ப்போம். குறும்பி அழுக்கு அல்ல. சற்றுப் புளிப்புத் தன்மையும் எண்ணெய்ப் பசையும் உள்ள அந்தப் பூச்சுதான் காதைப் பூஞ்சையிடமிருந்து காக்கிறது. நீங்கள் அதைச் சுரண்டி எடுத்தீர்கள், தோலைக் கீறினீர்கள், தண்ணீர் விட்டீர்கள், பிறகு எண்ணெய் விட்டீர்கள். கெட்டியான குறும்பியை இளக்க எண்ணெய் ஓரளவு உதவும் என்பது உண்மையே. பூஞ்சைக்கோ அது உரம். கடைசியாக விட்ட ‘காய’ மருந்து பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்ததாக இருக்கும். அது பாக்டீரியாவைக் கொன்று பூஞ்சைக்குப் பந்தி விரித்துக் கொடுக்கும். அந்தச் சொட்டை இடது காதில் விட வேண்டாம், வலது காதிலும் இனி வேண்டாம். உறிஞ்சு குழாயால் காதைச் சுத்தம் செய்து, குளோட்ரிமசோல் சொட்டு இரண்டு மூன்று வாரம் விட்டால் இது அடங்கும். அரிப்பு நின்ற அன்றே மருந்தை நிறுத்துபவர்கள் ஒரு மாதத்தில் திரும்பி வருவார்கள். தண்ணீர் பீய்ச்சுவது இதற்கு ஆகாது. குறும்பிக்குப் பீய்ச்சும்போதும் ஜவ்வு முழுதாக இருக்க வேண்டும், தண்ணீர் உடல் சூட்டில், 37 பாகையில் இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் உள்காதைத் தூண்டித் தலையைச் சுற்ற வைக்கும்.

சர்க்கரை இருப்பதால் இன்னொரு எச்சரிக்கை. வலது காதில் இரவில் தூங்க விடாத வலி தொடங்கினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, அது சாதாரணப் புண் அல்ல. சர்க்கரை நோயாளிகளுக்குக் காதுத் துளையில் தொடங்கி மண்டையோட்டு எலும்புக்குள் பரவும் ஒரு தொற்று உண்டு. அதற்கு வாரக்கணக்கில் ஊசி மருந்து தேவைப்படும்.

மூக்கைப் பற்றிக் கழுதுருட்டி அம்மா எழுதியதில் நான் சேர்க்க அதிகம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் அடைத்து, அந்தப் பக்கம் மட்டும் இரத்தம் கலந்து வடிந்தால் அது வேறு கதை. உள்ளே குழாய்க் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், மேல் கடைவாய்ப் பல்லின் வேரையும் பார்க்கச் சொல்லுங்கள். பல்லில் இருந்து சைனஸுக்கு ஏறிய சீழுக்கு மூக்கு வைத்தியம் மட்டும் பார்த்து வருடங்களை வீணாக்கியவர்கள் உண்டு.

தொண்டைக்கு வருகிறேன். சளி இல்லாமல் காலையில் கனைப்பது, ஏதோ உருண்டை நிற்பது போலத் தோன்றுவது, இரண்டும் வயிற்று அமிலம் தூக்கத்தில் மேலேறித் தொண்டையைத் தொடுவதால் பெரும்பாலும் வருபவை. நெஞ்செரிச்சல் இல்லாமலும் இது வரும். இரவு பதினொரு மணிக்குப் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, பதினொன்றரைக்குக் கேபினில் சாய்கிறவராக நீங்கள் இருந்தால் நான் வியக்க மாட்டேன். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். தலைமாட்டை அரை அடி உயர்த்துங்கள். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை எடுத்தால் அதுவும் வறட்டு இருமலையும் கனைப்பையும் தரும். மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. தூக்கம் வராமல் இருக்க வாயில் புகையிலையோ பாக்குப் பொட்டலமோ போடும் பழக்கம் இந்தச் சாலையில் சாதாரணம். உங்களுக்கு அது இருந்து, குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தாலோ, வாயில் புண் அத்தனை நாள் ஆறாமல் இருந்தாலோ, விரல் மூன்றை நிமிர்த்தி வாய்க்குள் விட முடியாத அளவுக்கு வாய் குறுகியிருந்தாலோ, குரல்வளை வரை பார்த்தாக வேண்டும். காது முற்றிலும் நன்றாக இருந்து காதுவலி மட்டும் வந்தால், தொண்டையையும் நாக்கின் அடியையும் பாருங்கள் என்று என் ஆசிரியர் அடிக்கடி சொல்வார். அவை ஒரே நரம்புகளைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

பாவூர்வண்டி எழுதியது: ஞாயிறு, காலை 10.40

ஐயா, படித்தவுடன் கை நடுங்கிவிட்டது. முனகிப் பார்த்தேன், வலப்பக்கம்தான் கேட்டது. நாளை லோடுக்கு மைத்துனரை அனுப்பிவிட்டுத் தென்காசி போகிறேன். பாக்கு உண்டு ஐயா, மறைக்கவில்லை. குரல் கம்மல் இல்லை, மூன்று விரல் நுழைகிறது. ஸ்டீராய்டு என்றால் சர்க்கரை ஏறும் என்கிறார்களே, எடுக்கலாமா?

குண்டாறு எழுதியது: ஞாயிறு, காலை 11.15

ஏறும். அதற்காக மறுக்க வேண்டாம். மருந்து எடுக்கும் நாட்களில் தினமும் சர்க்கரையைப் பார்த்து, தேவைப்பட்டால் தற்காலிகமாக இன்சுலின் போடுவார்கள். கட்டுப்படாவிட்டால், ஜவ்வின் வழியாக மெல்லிய ஊசியால் நடுக்காதிலேயே ஸ்டீராய்டைச் செலுத்தும் முறை இருக்கிறது; அது இரத்தத்தில் அதிகம் கலப்பதில்லை. சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

பாவூர்வண்டி எழுதியது: ஐந்து வாரம் கழித்து, வெள்ளி, மாலை 5.30

எல்லோருக்கும் வணக்கம். தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள்.

அன்று இடது காதைப் பார்த்த மருத்துவர், ‘உள்ளே கண்ணாடி போலச் சுத்தமாக இருக்கிறது’ என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் மகிழ்ந்திருப்பேன். ஐயா எழுதியதைப் படித்திருந்ததால் வயிற்றைப் பிசைந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துக் காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு முறை வந்தபோது நெடுநேரம் எதுவுமே கேட்கவில்லை. கருவி நின்றுவிட்டது என்று நினைத்து அந்தப் பெண்ணைப் பார்த்தேன், அவர் திருகைச் சுழற்றிக்கொண்டுதான் இருந்தார். கேட்கும் திறன் இழப்பின் அளவு 60 டெசிபல் என்று வந்தது. அன்றைக்கே மாத்திரை தொடங்கினார்கள். நான்காம் நாள் சர்க்கரை 310 ஆனதும் மாத்திரையைக் குறைத்து, ஜவ்வு வழியாக நான்கு ஊசி, இரண்டு வாரத்துக்குள் போட்டார்கள். ஊசி போட்டதும் ஒரு நிமிடம் வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்புவது போலத் தலை சுற்றும். அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்பதற்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், இல்லை.

நேற்று எடுத்த அளவு 35. போனை இப்போது இடது காதிலும் வைத்துப் பேச முடிகிறது. சில்வண்டு மட்டும் போகவில்லை. பகலில் இன்ஜின் சத்தத்தில் மறைந்துவிடுகிறது, இரவில் வந்துவிடுகிறது. மின்விசிறியைச் சற்று வேகமாக வைத்துக்கொண்டு தூங்குகிறேன்.

வலது காதில் இருந்தது பூஞ்சையேதான். உறிஞ்சி எடுத்ததை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார்கள். ஐயா சொன்ன நனைந்த செய்தித்தாள் அப்படியே இருந்தது. மூக்கில் தங்கச்சி சொன்ன முறையில் இடப்பக்கத்தை நிறுத்தி இருபது நாள் ஆயிற்று, திறந்துவிட்டது. வலப்பக்கத்தை நேற்று நிறுத்தினேன், இப்போது வாயால் மூச்சு விட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். தொண்டையில் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையின் பின்பக்கம் சிவந்திருக்கிறது, கட்டி இல்லை என்றார்கள். பரோட்டாவை எட்டு மணிக்கு மாற்றிவிட்டேன். பாக்குக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். சீசன் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஐந்தருவியில் குளிக்கலாமா?

குண்டாறு எழுதியது: வெள்ளி, இரவு 8.00

60லிருந்து 35 என்பது நல்ல திருப்பம். ஒரு மாதம் தாமதித்திருந்தால் இதை நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். மூன்று மாதம் வரை கேட்கும் திறன் இன்னும் கொஞ்சம் ஏற வாய்ப்பு உண்டு. அதன்பின் நிற்கும் அளவே நிலையானது. அப்போதும் குறை தோன்றினால் காதுக்கருவியைப் பற்றி யோசிக்கலாம். கருவி வைத்தால் இரைச்சலும் பலருக்கு அடங்குகிறது.

இந்த சீசனுக்கு அருவி வேண்டாம். ஊசி போட்ட ஜவ்வு முழுதாக ஆறியதா என்று பார்த்த பிறகுதான் தண்ணீர் படலாம். வெறும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி உள்ளே ஊற வைக்கும். வாஸ்லின் தடவிய பஞ்சுதான் தடுக்கும், அதுவும் வீட்டுக் குளியலுக்கு மட்டும். அடுத்த சீசனில் குளித்தாலும், அருவி நேராகக் காதில் அறையும்படி தலையைச் சாய்க்காதீர்கள். அந்த அறையிலேயே ஜவ்வு கிழியக்கூடும். குளித்து முடித்ததும் தலையை இரு பக்கமும் சாய்த்து நீரை வடியவிட்டு, துண்டின் முனையால் வெளிக்காதை மட்டும் ஒற்றுங்கள். புரட்டாசிக் கடைசியில் அடுத்த ஆடியோகிராம் எடுத்ததும் அளவை இங்கே எழுதுங்கள். வண்டிச் சாவியை வண்டியிலேயே வைத்திருங்கள்.